உடைந்தது டச்சா, டிஸ்ப்ளேயா?

கம்பம், சின்னமனூர், போடி என எந்த ஊர் கடைவீதியில் நடந்தாலும் செல்போன் சர்வீஸ் கடை கண்ணில் படும். போன் டிஸ்ப்ளேயைப் பக்குவமாகக் கழற்றி மாட்டும் கைகள் அங்கே இருக்கின்றன. அதே மேசையில் திரை உடைந்த கையடக்க கேம் கருவியை வைத்தால், "இதுக்கு ஸ்பேர் கிடைக்காதுண்ணே, மதுரையில கேட்டுப் பாருங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். வளைகுடாவில் வேலை பார்க்கும் மாமா ஆசையாக வாங்கிவந்த பொருள் அப்படியே பீரோவுக்குள் முடங்கிவிடுகிறது. அப்படி முடங்கத் தேவையே இல்லை. இந்தக் கருவிகளில் பலவற்றின் திரையை நம் ஊர்க் கடையிலேயே மாற்ற முடியும். எந்த அடுக்கு உடைந்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

அடையாளம் காணும் வழி

திரையில் மேலே டச், அதன் கீழே எல்சிடி, அதற்கும் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட். மேற்பரப்பில் விரிசல் இருந்தும் படம் தெளிவாகத் தெரிந்தால், போனது டச் மட்டும். மை கொட்டியதுபோல் கறுப்புப் படர்ந்து கோடுகள் விழுந்தால், எல்சிடி உடைந்துவிட்டது. இருண்ட திரைமேல் டார்ச் அடிக்கும்போது படம் லேசாகத் தெரிந்தால், கோளாறு பேக்லைட் பக்கம். சத்தம் கேட்கிறது, படமே இல்லை என்றால், கீழே விழுந்த அதிர்ச்சியில் திரையைப் போர்டோடு இணைக்கும் ஸ்ட்ரிப் கழன்றிருக்கவும் வாய்ப்புண்டு.

மாடலுக்கு மாடல் வேலை மாறும். 2004இல் வந்த சோனி பிஎஸ்பியில் டச்சே கிடையாது; முன்பக்கக் கீறல் பெரும்பாலும் மேல்மூடியோடு போய்விடும். 2017இன் நின்டெண்டோ ஸ்விட்சில் டச்சும் எல்சிடியும் தனித்தனி. உடைந்ததை மட்டும் மாற்றலாம். 2021இல் வந்த ஓஎல்இடி ஸ்விட்சில் டச்சும் டிஸ்ப்ளேயும் ஒட்டியே இருப்பதால் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். பாகம் வரவழைக்கும் முன் பின்பக்க மாடல் எண்ணைப் பாருங்கள்: பழைய ஸ்விட்சுக்கு எச்ஏசி-001, ஸ்விட்ச் லைட்டுக்கு எச்டிஎச்-001, ஓஎல்இடிக்கு எச்இஜி-001. எண் மாறினால் பாகம் பொருந்தாது.

ஆடிக் காற்றில் கவனம்

ஸ்விட்சின் பின்மூடியில் மூன்று கால் கொண்ட ஒய் வடிவ ஸ்குரூக்கள் இருக்கும். அதற்குரிய டிரைவர் இல்லாமல் கை வைத்தால் ஸ்குரூவின் தலை தேய்ந்துவிடும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிரிப்பது. பிறகு மிதமான சூட்டில் பசையை இளக்கி, பிளாஸ்டிக் அட்டையால் டச்சைக் கிளப்ப வேண்டும். கனெக்டரின் லாக்கைத் தூக்காமல் ஸ்ட்ரிப்பை இழுத்தால் போர்டிலுள்ள கனெக்டரே பெயர்ந்துவிடும்.

நம் கம்பம் பள்ளத்தாக்குக்கென்று தனிக் கவனம் ஒன்றும் உண்டு. கம்பம் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று தூசியையும் சேர்த்தே கொண்டுவரும். டச்சுக்கும் எல்சிடிக்கும் நடுவில் ஒரு துகள் சிக்கினாலும் திரை எரியும்போதெல்லாம் புள்ளியாகத் தெரியும். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பாதுகாப்பு ஃபிலிமைக் கடைசி நொடியில் உரித்து ஒட்டுவதே நல்லது.

கேட்க வேண்டிய உரிமை

கைத்திறன் இங்கே இருக்கிறது. பாகமும் பழுதுநீக்கும் கையேடும் வந்து சேர்வதில்தான் தடை. ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவிக்கு வால்வ் நிறுவனம் 2022இலேயே ஐஃபிக்ஸிட் என்ற பழுதுநீக்க நிறுவனம் மூலம் உதிரிபாக விற்பனைக்கு ஏற்பாடு செய்தது. மனமிருந்தால் நிறுவனங்களால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. இந்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் வந்தது. பொருளைப் பழுதுநீக்குவது எவ்வளவு எளிது என்று மதிப்பிடும் குறியீட்டுக்கான அறிக்கை 2025 மே மாதம் அரசிடம் வழங்கப்பட்டது. அது முன்னுரிமை தந்தது ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும்.

கையடக்க கேம் கருவிகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். டச், எல்சிடி, பேட்டரி ஆகிய மூன்றும் தனித்தனியாக, நியாயமான விலையில் கிடைத்தால் உத்தமபாளையத்துக் கடைக்காரர் யாரையும் மதுரைக்கு அனுப்ப மாட்டார். அதுவரை நம் கையில் இருப்பது ஒரு கேள்வி. புதிய கருவி வாங்கும்போது விலைக்கு முன்னால் அதைக் கேளுங்கள்: "இதன் திரை உடைந்தால் பாகம் எங்கே கிடைக்கும்?"