பனிமூட்டத்தில் ஒரு பரிசல்

ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் என்று வழங்கினர். அடைமழை விட்டு வானம் தெளியும் இரவுகளில் காவிரிக் கரை குளிரத் தொடங்கும் காலம் அது. மேட்டூர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பண்ணவாடி, கோட்டையூர், நாகமரை போன்ற சிற்றூர்களில் அக்காலத்து விடியற்பொழுது எப்படியிருக்கும் என்பதை நேரில் கண்டவரே அறிவர். எதிரே கடல்போல் விரிந்து கிடக்கும் நீர் அடியோடு மறைந்துவிடும். காலடியில் வந்து தொடும் சிற்றலை ஒன்றே அங்கு நீர் உண்டு என்பதற்குச் சான்று. அந்த வெண்மைக்குள்தான் மீனவர்கள் பரிசலைத் தள்ளிக்கொண்டு இறங்குகின்றனர்.

இம்மூட்டம் எவ்வாறு உண்டாகிறது? பகலெல்லாம் வெயிலை வாங்கிய நீர், இரவில் அத்துணை விரைவாகக் குளிர்வதில்லை. மலைச்சரிவுகளோ விரைவில் குளிர்ந்துவிடுகின்றன. மேற்கே பாலமலையிலிருந்தும் கிழக்கே தருமபுரிப் பக்கத்துக் குன்றுகளிலிருந்தும் வழிந்திறங்கும் குளிர்காற்று வெதுவெதுப்பான நீர்ப்பரப்பைத் தொடும்போது, எழும் ஆவி நுண்துளிகளாகத் திரண்டு மிதக்கிறது. உலைப்பானையின்மேல் நம் தாய்மார் நாள்தோறும் காண்பதும் இதுவே. வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும்.

பரிசல் என்பது மூங்கிலைப் பிளந்து பின்னிய வட்டக் கூடை. முற்காலத்தில் அதன்மேல் மாட்டுத்தோல் போர்த்தினர். பின்னர் பிளாஸ்டிக் சாக்கை இழுத்துக் கட்டித் தார் பூசலாயினர். இப்போது கண்ணாடியிழைப் பரிசலும் வந்துவிட்டது. அதற்கு முன்புறமும் இல்லை, பின்புறமும் இல்லை. பழகாதவர் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுழலும். போகவேண்டிய திசையை நோக்கி அமர்ந்து, துடுப்பை முன்னே நீட்டி, நீரைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். முழங்கால் ஆழ நீரிலும் அது மிதக்கும். பாறையில் உரசினால் மூங்கில் வளைந்து கொடுக்கும். வேலை முடிந்தபின் தலைமேல் கவிழ்த்து ஒருவரே சுமந்து செல்லலாம். ஏழைக்கு இதைவிட ஏற்ற கலத்தை நான் கண்டதில்லை.

வலையை முதல் நாள் மாலையிலேயே விட்டுவிடுகின்றனர். மேலே மிதவைகள் தாங்க, மெல்லிய நைலான் வலை இரவெல்லாம் நீருக்குள் சுவர்போல் நிற்கும். இருளில் நூலைக் காணாத மீன் தலையை நுழைக்கிறது; பின்வாங்க முயலும்போது செவுள் மாட்டிக்கொள்கிறது. சிக்கி இறந்த மீன் வெயில் ஏறும்வரை நீரிலேயே கிடந்தால், கண் வெளுத்து, சதை தளர்ந்து, விலை போகாது. ஆகவே மூட்டம் கலையட்டும் என்று கரையில் காத்திருக்க இயலாது.

உள்ளே போனபின் கண்ணைவிடக் காதே துணை. முதிய மீனவர் ஒருவரிடம் இதுபற்றி வினவினேன். "கரையில சேவல் கூவும் சாமி, பால் வண்டி போகும், கோயில் மணி அடிக்கும். எது எந்தப் பக்கம்னு தெரிஞ்சாப் போதும். ஒரு சத்தமும் கேக்கலைன்னா துடுப்பை உள்ள வெச்சிட்டுப் பேசாம உக்காந்துக்குவோம்" என்றார். உடனிருந்த மகன், "செல்போன் வெளிச்சம் அடிச்சுப் பாத்தேன் சாமி, எதிர்ல வெள்ளைச் சுவருதான் தெரியுது" என்று சிரித்தான். ஒளி நுண்துளிகளில் பட்டுத் திரும்பி வருவதால் அங்கு விளக்கு உதவாது. இருவரும் மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை. வலை இழுக்கத் தடையாக இருக்கிறதாம். கரை எத்திசை என்று அறியாது குளிர்நீரில் விழுந்தவனுக்கு நீச்சல் தெரிந்தும் என்ன பயன்? இக்கேள்வியை வீட்டிலுள்ள பெண்கள் கேட்டால் பலன் இருக்கும் என்பது என் எண்ணம்.

நீரின் அடியிலும் இடர் உண்டு. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த இவ்வணையில் 120 அடி வரை நீர் தேக்கப்படுகிறது. அதற்காகப் பல ஊர்கள் காலி செய்யப்பட்டன. நீர் மிகத் தாழும் நாள்களில் பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். நீர் உயர்ந்திருக்கும்போது பரிசல்கள் அவற்றின் மேலாகவே செல்கின்றன. முழுகிய சுவரிலோ மரக்கட்டையிலோ வலை சிக்கினால் அறுத்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நீர் பெருகினால் மீனும் பெருகும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை நேர்மாறானது. பரப்பு விரியும்போது மீன்கள் சிதறிப்போகின்றன. வற்றிய கோடையில்தான் வலை கனக்கும். கூதிர் காலத்தில் கட்லா, ரோகு, மிர்கால் ஏதேனும் அகப்பட்டால் அன்று நல்ல நாள். இவை மூன்றும் காவிரிக்கு உரியவையல்ல. குஞ்சுகளாக விடப்பட்டு இங்கே வளர்பவை. 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டையும் அவ்வாறே வந்தேறியது. காவிரிக்கே உரிய, கூன் முதுகுடைய மசீர் மீனோ 50 கிலோவுக்கும் மேல் வளர்ந்ததுண்டு. அணைகளும், வெடி வைத்துப் பிடிக்கும் கொடுமையும், வேற்றின மசீர்களை ஆற்றில் விட்டதும் அதை நலிவித்தன. அதன் அறிவியற் பெயர் உறுதி செய்யப்பட்ட 2018-ஆம் ஆண்டிலேயே, அற்றுப்போகும் விளிம்பில் உள்ள உயிரினமாகவும் அது பட்டியலிடப்பட்டது.

மீன் குறையக் குறையச் சிறுகண் வலையின்மேல் ஆசை பிறக்கிறது. ஓராண்டு விட்டால் ஒரு கிலோவைத் தாண்டக்கூடிய கட்லா, விரல் நீளத்திலேயே கூடைக்கு வந்துவிடுகிறது. இதில் அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் ஒற்றுமை இல்லை. "குஞ்சைப் பிடிச்சா அடுத்த வருசம் எதைடா பிடிப்பே?" என்று அவர் கேட்க, "நாம விட்டா பக்கத்துப் பரிசல் பிடிச்சுக்கும்பா" என்கிறான் அவன். அவனைப் பேராசைக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலை வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெற்றவன் அவன். பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுத்தாக வேண்டும். பள்ளிக் கட்டணம் செலுத்தும் நாளும் காத்திருப்பதில்லை.

அன்று எட்டரை மணியளவில் மூட்டம் விலகியபோது பதினைந்து, இருபது பரிசல்கள் கரை நோக்கி வந்துகொண்டிருந்தன. இவர்கள் கொண்டுவந்தது ஆறு கிலோவுக்குச் சற்று மேல், பெரும்பகுதி ஜிலேபி. வியாபாரி தராசைப் பிடித்தார், கணக்கேட்டில் எழுதினார், முன்பணத்துக்குக் கழித்ததுபோக மீதியை மகனிடம் கொடுத்தார். தந்தை அதை எண்ணிப் பார்க்கவில்லை. கிழிந்த வலையை மடியில் பரப்பி ஊசி கோத்துக்கொண்டிருந்தார்.