"உங்களை உருவாக்கிய ஆசான் யார்?" – நேர்முகத்தில் தடுமாறும் எங்கட பிள்ளைகள்

மருத்துவம் படித்து முடித்து, உயர் பயிற்சிக்காக, அதுதான் இந்தப் பெல்லோஷிப்புக்காக, லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் விண்ணப்பிக்கிற எங்கட பிள்ளைகளை நேர்முகத்தில் மடக்கிப் போடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. நோய் பற்றியதோ மருந்து பற்றியதோ அல்ல. "உங்களில் அதிகம் செல்வாக்குச் செலுத்திய ஆசிரியர் யார்?" என்பதுதான் அது.

பொண்டியில் வளர்ந்த பிள்ளை ஒருத்தி அண்மையில் என்னோடு பேசிப் பழகிப் பார்த்தாள். கேள்வியைக் கேட்டதும், "அம்மாவும் அப்பாவும்தான் மாமா" என்றாள். பொய்யில்லை. லாச்சப்பலில் கடையிலும் உணவகத்துச் சமையலறையிலும் நின்று உழைத்த பெற்றோரின் தோளில் ஏறித்தான் எங்கட பிள்ளைகள் இந்த இடத்துக்கு வந்திருக்கினம். ஆனால் கேட்கிறவர்களுக்குத் தேவை அது அல்ல. யாரிடம் வேலை கற்றாய், அவரிடம் இருந்து எதை எடுத்துக்கொண்டாய், அது இன்று உன் கையில் எப்படித் தெரிகிறது? இதைத்தான் அவர்கள் அறிய விரும்புகிறார்கள். (தகப்பனே முதல் பயிற்சியாளராகவும் வாய்ப்பது பொண்டியில் எம்பாப்பே போன்ற சிலருக்குத்தான்!)

பிரான்ஸில் படித்த பிள்ளைகளுக்கு அல்பேர் கமுவின் கதை தெரிந்திருக்கும். 1957இல் நோபல் பரிசு கிடைத்தபோது, தாய்க்கு அடுத்ததாக அவர் நினைத்தது அல்ஜியர்ஸில் தனக்குப் படிப்பித்த ஆரம்பப் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மனை. அவருக்குக் கடிதம் எழுதினார், நோபல் உரையையும் அவருக்கே காணிக்கையாக்கினார். அந்த ஆசிரியர் செய்தது என்ன? இலவசமாக மேலதிக பாடம் சொல்லிக் கொடுத்தார். பிள்ளையை வேலைக்கு அனுப்ப நினைத்த பேத்தியாரோடு கதைத்து, புலமைப்பரிசில் பரீட்சைக்கு இருத்தினார். "நல்ல ஆசிரியர்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அவரை யாருக்கு நினைவிருக்கும்?

மருத்துவத்திலேயே வேண்டுமென்றால் வில்லியம் ஒஸ்லரைப் பாருங்கோ. 1892இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற மருத்துவப் பாடநூலை மூன்று ஆசிரியர்களுக்குக் காணிக்கையாக்கினார். அவர்களில் ஒருவர் மருத்துவரே அல்ல. நுண்ணோக்கியால் உலகத்தைப் பார்க்கச் சிறுவன் ஒஸ்லருக்குப் பழக்கிய ஒரு பாதிரியார்! ஆகவே பெரிய பேராசிரியரின் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. இரவுக் கடமையில் உங்களைத் திருத்திய மூத்த தாதியாகவும் இருக்கலாம்.

எங்கட ஊரிலும் இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போக, கிராமத்துச் சனத்துக்கு வைத்தியர் இல்லாமல் போனது. 1860களில் தமிழுக்கே மாறினார். அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என்று நூல்கள் தமிழில் வந்தன. அந்த மொழிபெயர்ப்பில் மாணவர்களும் சேர்ந்து உழைத்தார்கள். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கிவிட்டு 1873இல் ஊர் திரும்பினார். தன்னிடம் படிக்கிறவனைத் தன் வேலையில் பங்காளியாக்கியதுதான் கிறீனிடம் நான் காண்கிற பெரிய குணம். அப்படி ஒரு பங்கு உங்களுக்கு யார் தந்தார்கள் என்று யோசித்தாலே நேர்முகத்துக்குப் பதில் வந்துவிடும்.

பொண்டிப் பிள்ளையிடமும் அதைத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தான் பயிற்சி பெற்ற வைத்தியசாலையில் இருந்த ஒரு மூத்த மருத்துவரைப் பற்றிச் சொன்னாள். கெட்ட செய்தி சொல்லப் போகும்போதெல்லாம் அவர் கதிரையை இழுத்துப்போட்டு, நோயாளியின் கண்மட்டத்துக்கு இருந்துதான் கதைப்பாராம். மூன்றாம் முறை, "இன்றைக்கு நீ கதை, நான் பக்கத்தில இருக்கிறன்" என்றாராம். "இப்ப நானும் கதிரை இல்லாமல் கதைக்கிறேல்லை மாமா" என்றாள். இதைவிட வேறு பதில் வேண்டுமா?

இது பெல்லோஷிப்போடு மட்டும் முடிகிற விஷயமுமில்லை. 2020ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பிரான்ஸில் மருத்துவ பீடத்தின் இரண்டாம் ஆண்டுக்குத் தெரிவாவதற்கே வாய்மொழித் தேர்வு வந்துவிட்டது. "நான், எனக்கு" என்று வாய் திறந்து பேசக் கூச்சப்படும் வளர்ப்பு எங்களுடையது. பெரியவர்கள் முன் அடக்கமாக இரு என்றுதானே சொல்லி வளர்த்தோம்! ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது அந்தக் கூச்சம் தானாகக் குறைகிறது. ஆனால் முழு நேரமும் குருவின் புகழ் பாடிவிட்டும் வரக்கூடாது. அவரைப் பற்றி இரண்டு வசனம், மிச்சம் உங்களைப் பற்றி. அவரோடு எங்கே முரண்பட்டீர்கள் என்றும் கேட்கக்கூடும், அதற்கும் மரியாதையான ஒரு பதில் கையில் இருக்கட்டும்.

நேர்முகத்துக்கு முதல் இன்னொரு வேலை இருக்கிறது. யாருடைய பெயரைச் சொல்லப் போகிறீர்களோ, அவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கோ. சிறப்புத் துறைகள் சின்ன உலகம், தேர்வுக்குழுவில் இருப்பவருக்கு அவரைத் தெரிந்திருக்கலாம். பரிந்துரைக் கடிதம் கேட்கவும் தயங்க வேண்டாம். கடைசிக் கிழமையில் கேட்காமல், ஒரு மாதமாவது முன்னதாகக் கேளுங்கோ.