கை முந்தியது, திரை பிந்தியது

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், சென்ற கோடை விடுமுறையின்போது ஒரு டென்னிஸ் போட்டி நடைபெற்றது. ஒருபுறம் 12 வயதுப் பேரன். மறுபுறம் 71 வயதுத் தாத்தா, அதாவது என் தந்தையார். பந்தும் இல்லை, வலையும் இல்லை. கையில் பிடித்த சிறு கருவியை மட்டையைப்போல் வீசினால், தொலைக்காட்சித் திரையில் நிற்கும் பொம்மை வீரர் பந்தை அடிப்பார்.

தந்தையார் இளமையில் திருச்சி வட்டாரத்தில் பூப்பந்து ஆடிப் பெயர் வாங்கியவர். ஆயினும் அன்று அவர் வீசிய வீச்செல்லாம் வீணாயிற்று. பந்து கடந்து சென்ற பிறகே திரையில் மட்டை அசைந்தது. பேரனோ ஒவ்வொரு பந்தையும் திருப்பி அடித்துக்கொண்டிருந்தான். நான்கைந்து ஆட்டங்கள் தோற்றபின், "கை தளர்ந்துபோச்சுப்பா" என்று சொல்லிக் கருவியை மேசைமீது வைத்தார். அடுத்த இரண்டு வாரங்கள் அவர் அதைத் தொடவேயில்லை.

தளர்ந்தது கையா, கருவியா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. அதைத் தேடிச் சென்றபோது அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

உடலசைவைக் கொண்டு விளையாடும் முறையை வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது, நின்டெண்டோ நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட 'வீ' என்னும் கருவி. உலகெங்கும் 10 கோடிக்கும் மேல் விற்பனையானது. அதன் கைப்பிடிக்குள் இருந்த முடுக்கமானி, கை எவ்வளவு விரைவாக வேகம் கொள்கிறது என்பதை உணரும். மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்பதைச் சரிவர அறியாது. அக்குறையைப் போக்க, சுழற்சியை உணரும் 'மோஷன் பிளஸ்' என்ற துணைக்கருவி 2009இல் வந்தது. 2010இல் சோனி நிறுவனத்தின் 'மூவ்' வெளியாயிற்று. அதன் உச்சியில் ஒளிரும் உருண்டையைக் கேமரா ஒன்று பின்தொடரும். அதே ஆண்டு மைக்ரோசாப்ட் வெளியிட்ட 'கினெக்ட்', கையில் எதையும் பிடிக்கவே தேவையில்லை என்றது. ஆடுபவரின் உடலையே கேமரா பார்த்துக்கொள்ளும். முதல் 60 நாட்களில் 80 இலட்சம் கருவிகள் விற்றன. 2017இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

இத்தனை வரவேற்புப் பெற்ற கினெக்ட் ஏன் நிலைக்கவில்லை என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் கதைக்கு உரியது. அக்கேமரா விநாடிக்கு 30 படங்களே எடுத்தது. ஒவ்வொரு படத்திலும் தலை எது, முழங்கை எது என்று மென்பொருள் தேடிக் கண்டறிய வேண்டும். இவையெல்லாம் முடிந்து திரையில் உருவம் அசைவதற்குள் உண்மையான கை தன் வேலையை முடித்துவிட்டிருக்கும்.

ஆயினும் அதே கினெக்டில் நடன விளையாட்டுகள் வெற்றி பெற்றன. இது விந்தையாகத் தோன்றலாம், விடை எளியது. நடனமாடுபவருக்கு அடுத்த அடவு முன்கூட்டியே தெரியும். தாளத்தை நோக்கி அவரே முன்சென்று காத்திருக்கிறார். கருவி சற்றுப் பிந்தினாலும், அந்தப் பிந்துதலைக் கணக்கில் கழித்துவிட்டு மதிப்பெண் வழங்க இயலும். பந்தாட்டம் அவ்வாறன்று. வரும் பந்தைப் பார்த்த பின்னரே கை எழ வேண்டும். கடன்பட்ட நேரத்தைத் திருப்பிச் செலுத்த அங்கு வழியில்லை.

கிரிக்கெட்டை எடுத்துக்கொண்டால் கணக்குத் தெளிவாகும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து ஒரு விநாடியில் ஏறத்தாழ 39 மீட்டர் செல்லும். விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் என்றால், பந்து நான்கு மீட்டர் நகர்ந்துவிட்டது என்று பொருள். ஆடுகளத்தின் நீளமே 20 மீட்டர்தான். சின்னசாமி அரங்கில் ஆடும் எவரும் இத்தகைய மட்டையைக் கையால் தொடமாட்டார்.

நம் நாட்டவரும் இச்சிக்கலோடு போராடியிருக்கிறார்கள். மும்பையின் டிரைன் கேம்ஸ் நிறுவனம், மூவ் கருவிக்கென்றே தெருக் கிரிக்கெட் விளையாட்டை உருவாக்கியது. புனேயின் ரோலோக்யூல் நிறுவனம் 2013இல் 'மோஷன் டென்னிஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. தனிக்கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஐபோனே மட்டை, ஆப்பிள் டிவி வழியாகத் தொலைக்காட்சியே மைதானம். சிக்கனமான, நம் நாட்டுக்கேற்ற யோசனை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் படம் கைப்பேசியிலிருந்து கம்பியின்றித் திரைக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பயணத்துக்கும் நேரம் பிடிக்கும். பெங்களூருக்கும் இத்துறையில் பழைய உறவு உண்டு. ராஜேஷ் ராவ் 1997இல் இங்கு தொடங்கிய துருவா இன்டராக்டிவ், இந்திய வீடியோ கேம் துறையின் முன்னோடிகளுள் ஒன்று.

இனி எங்கள் கூடத்துக்குத் திரும்புவோம். கை வீசுவதற்கும் திரை அசைவதற்கும் இடையே ஒரு சங்கிலி இருக்கிறது. கைப்பிடியில் உள்ள உணரி அசைவை அளந்து, கம்பியில்லா முறையில் கருவிக்கு அனுப்புகிறது. கருவி அடுத்த படத்தை வரைகிறது. விநாடிக்கு 60 படங்கள் என்றால், ஒரு படத்துக்கு சுமார் 17 மில்லி விநாடி. இவ்வளவும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். குற்றவாளி சங்கிலியின் கடைசிக் கண்ணி: தொலைக்காட்சி.

இன்றைய தொலைக்காட்சிகள் வந்த படத்தை வந்தபடியே காட்டுவதில்லை. வண்ணத்தைத் திருத்துகின்றன, புள்ளிகளைத் துடைக்கின்றன. காட்சி வழுக்கிச் செல்வதுபோல் தெரிய, இரு படங்களுக்கு நடுவே தாமாகவே ஒரு படத்தை வரைந்து செருகுகின்றன. நடுவில் செருக வேண்டுமானால் அடுத்த படம் வந்து சேரும்வரை காத்திருந்தாக வேண்டும் அல்லவா? திரைப்படம் பார்ப்பவருக்கு இதனால் நட்டமில்லை. ஒலியையும் சேர்த்தே பிந்தவைத்துவிடலாம். விளையாடுபவரின் கையை மட்டும் பிந்தவைக்க முடியாது. இவ்வேலைகளால் சில தொலைக்காட்சிகளில் 100 மில்லி விநாடிக்கும் மேல் தாமதம் சேர்கிறது.

இவற்றையெல்லாம் நிறுத்திவைக்கும் 'கேம் மோடு' என்ற அமைப்பு பெரும்பாலான தொலைக்காட்சிகளில் இருக்கிறது; ஆனால் எல்லாவற்றிலும் அது தானாக இயங்குவதில்லை. படத்துக்கான அமைப்புகளுக்குள் நாமே தேடிச் செல்ல வேண்டும். புதிதாக வாங்குவோர், கருவியை இணைத்ததும் தானே அம்முறைக்கு மாறும் வசதி உண்டா என்று கேட்டறிவது நன்று. கடையில் ஓடும் மயில், அருவிக் காட்சிகளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மாதத் தவணை தொடங்கிய பிறகு தெரிந்து பயனுமில்லை.

எங்கள் வீட்டில் அந்த அமைப்பைத் தேடிப் பிடிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. தந்தையாரிடம் ஒன்றும் விளக்காமல், ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்குமாறு வேண்டினேன். மனமின்றித்தான் எழுந்தார். முதல் பந்து வந்தது. பழைய பூப்பந்து வீரர் இடதுகாலைச் சற்றே முன்வைத்து மணிக்கட்டைச் சுழற்றினார். திரையில் பந்து கோட்டோரமாகப் பாய்ந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

திணறியவன் பேரன். பிந்தும் திரைக்கு ஏற்றபடி, பந்து வருவதற்கு முன்பே வீசப் பழகியிருந்தான் அவன். இப்போது அவன் வீச்சுகளெல்லாம் முந்திப் போய்க் காற்றை அடித்தன. மூன்றாவது ஆட்டமும் தோற்றதும் என்னிடம் வந்து, "அப்பா, டிவியைப் பழையபடியே மாத்திடுங்க" என்றான்.