வண்டியின் தாகம்

டோம்பிவிலியில் விடியற்காலை மூன்று மணிக்கே விளக்கெரியும் இல்லங்கள் சில உண்டு. வாஷியிலுள்ள மொத்த வியாபாரச் சந்தைக்குச் சென்று காய்கறி ஏற்றி வருவோரும், மாதுங்காக் கடைகளுக்குத் தேங்காயும் வாழையிலையும் கொண்டுபோய்ச் சேர்ப்போரும், உணவு விடுதிகளுக்கு இட்லி மாவு வழங்குவோரும் நம்மவரிடையே இருக்கின்றனர். அவர்களுடைய பிழைப்பு நான்கு சக்கரங்களின்மேல் நிற்கிறது. கடனில் வாங்கிய பிக்கப் வண்டி ஒரு வாரம் பட்டறையில் கிடந்தால் அம்மாதத் தவணை தவறும். தவணை தவறினால் குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கு இடர் வரும். ஆதலின் எஞ்சினிலிருந்து சொட்டும் ஒரு துளி நீர் வண்டியோட்டியின் கவலை மட்டுமன்று. வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டிய விஷயம் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

நாம் ஊற்றும் டீசலில் அடங்கிய சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெப்பமாகப் போய்விடும். எஞ்சிய பங்கை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. போர்டு கம்பெனியார் 1908 இல் வெளியிட்ட 'டி' மாடல் காரில், தொடக்கத்தில் செய்தவை நீங்கலாக, இந்நீரைச் சுற்றச் செய்யப் பம்பே கிடையாது. சூடேறிய நீர் தானே மேலெழும், குளிர்ந்த நீர் தானே கீழிறங்கும் என்னும் இயற்கையை நம்பியே அது ஓடிற்று. இன்றைய வண்டிகளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இவ்வேற்பாட்டை விளங்கிக்கொள்ள நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஆசிரியர் வேண்டியதில்லை. அடுப்பின்மேல் இருக்கும் பிரஷர் குக்கரே போதும். மூடிய பாத்திரத்தில் அழுத்தம் கூடினால் நீர் 100 பாகையில் கொதியாது, 120 பாகை வரை தாங்கும். அதனாலன்றோ பருப்பு விரைவில் வேகிறது? ரேடியேட்டரின் மூடியும் குக்கரின் வெயிட்டைப் போன்றதே. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, நீரைக் கொதிக்க விடாமல் காக்கிறது. குக்கரின் ரப்பர் கேஸ்கட் தளர்ந்தால் ஆவி ஓரத்தில் சீறுவது போலவே, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அழுத்தம் நில்லாது; நீர் கொதித்து வழிந்துவிடும். சில நூறு ரூபாய் பெறாத மூடி கெட்டதை அறியாமல் ரேடியேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

நீர் எங்கெங்கே கசியும் என்று பார்ப்போம். முதலில் ஐயுற வேண்டியது ரப்பர் ஹோஸ் பைப்புகள். வெயிலிலும் சூட்டிலும் அவை வெடித்துக் கிளிப் பிடித்த இடத்தில் நீர் கசியவிடும். அடுத்து ரேடியேட்டர். முன்னாளில் அது முழுதும் பித்தளையும் செம்புமாக இருந்தது. ஓட்டை விழுந்தால் ஈயம் பற்றவைப்பவர் கைவண்ணத்தில் பத்தாண்டு ஓடும். இப்பொழுது நடுப்பகுதி அலுமினியம், இருபுறத் தொட்டிகள் பிளாஸ்டிக். இரண்டும் சேரும் விளிம்பில் விரிசல் கண்டால் பெரும்பாலும் மாற்றுவதே வழி. மூன்றாவது வாட்டர் பம்ப். அதன் அடியில் வேண்டுமென்றே ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். உள்ளேயிருக்கும் சீல் தேய்ந்தால் நீர் பேரிங்கினுள் புகாமல் அத்துளை வழியே சொட்டும். அது நோயன்று, நோயை முன்கூட்டி அறிவிக்கும் தூதுவன். அத்துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டுச் 'சரிசெய்தாயிற்று' என்று கூலி வாங்கும் பட்டறைக்காரர்களும் இருக்கிறார்கள்! ஏமாறாதீர்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கசிவுகள். காலையில் வண்டியை எடுக்குமுன் அடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டியை விரித்து வைத்திருந்தால் துளி எங்கே விழுந்தது என்று அதுவே சொல்லும். நிறமும் வாசனையும் இல்லாத தூய நீராயின் அஞ்ச வேண்டாம், ஏ.சி. உள்ள வண்டியில் அது வடிவது இயல்பு. பச்சையோ சிவப்போ கலந்து, தொட்டால் வழுவழுப்பாக, இனிய வாசனையுடன் இருந்தால் அது கூலண்ட். 2005 ஆம் ஆண்டில் வந்த டாடா ஏஸ் வண்டியை இங்கே 'சோட்டா ஹாத்தி' என்றும், நம் ஊரில் 'குட்டி யானை' என்றும் அழைக்கின்றனர். அதன் எஞ்சின் இருக்கையின் அடியில் மறைந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் அவ்வண்டிக்காரர்களுக்கு வாய்க்காததால், அட்டைச் சோதனை அவர்களுக்கு மிகவும் இன்றியமையாதது.

கண்ணுக்குத் தெரியாத கசிவே குடும்பத்தைக் கடனாளியாக்குவது. எஞ்சினின் உடலுக்கும் அதன் தலைக்கும் நடுவே ஹெட் கேஸ்கட் என்னும் தகடு உண்டு. எண்ணெய், நீர், எரியும் வாயு ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலவாமல் பிரித்து வைப்பது அதுவே. அது கிழிந்தால் நீர் குறையும், ஆனால் தரையில் ஒரு சொட்டும் விழாது. புகைக்குழாயில் வெண்புகை நில்லாமல் வரும். எண்ணெய் மூடியைத் திறந்தால் பாலாடை போன்ற கலங்கல் தெரியும். எஞ்சின் ஓடும்பொழுது கூலண்ட் புட்டியில் குமிழிகள் எழும். எல்லா அடையாளங்களும் ஒருங்கே தோன்றவேண்டும் என்பதில்லை. ஆறிய எஞ்சினில் காலைதோறும் அளவு குறைந்துகொண்டே வருவதே போதிய எச்சரிக்கை. இதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் சூட்டில் தலைப்பகுதி வளைந்துவிடும். பிறகு லேத் பட்டறையில் ஃபேஸ் போடுவதும், வால்வு, பிஸ்டன் என்று ஒவ்வொன்றாகத் தொடர்வதும், வண்டி வாரக்கணக்கில் நிற்பதும்தான்.

இங்கே ஒன்றை வற்புறுத்த விரும்புகிறோம். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பி.எஸ்.6 விதி நடப்புக்கு வந்தது. அவ்விதிக்கேற்ற டீசல் வண்டிகள் பலவற்றில் புகையின் ஒரு பகுதியைக் குளிரச் செய்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். கூலர் என்னும் உறுப்பு உண்டு. அதனுள்ளும் கூலண்ட் ஓடுகிறது. அது உள்ளே விரிசல் கண்டாலும் வெண்புகை வரும், தரையில் சொட்டாது. ஆகவே 'தண்ணீர் குறைகிறதா? ஹெட்டைக் கழற்று' என்று எடுத்த எடுப்பில் சொல்பவரிடம் சற்று நிதானிக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு அரைமணி நேரம் கூட ஆகாது. ஹெட்டைக் கழற்றுமுன் அச்சோதனையைச் செய்து காட்டும்படி கேட்பது வண்டி உடையவரின் உரிமை.

நடுவழியில் சூடேறினால் என் செய்வது? மும்ப்ரா பைபாசின் ஏற்றத்தில் பாரத்துடன் ஊர்ந்து செல்லும்பொழுதும், கசாரா, கண்டாலா மலைப்பாதைகளிலும் இது நேரும். முள் சிவப்பை நோக்கிச் சென்றவுடன் ஏ.சி.யை நிறுத்தி, ஓரமாக ஒதுங்கி, எஞ்சினை அணைத்துவிட வேண்டும். நீர் முழுதும் வடிந்துவிட்டால் முள் திடீரெனக் குளிர்ச்சியைக் காட்டுவதும் உண்டு. அதை அளக்கும் கருவி நீரில் நனையாமல் வெறுமனே நிற்பதே காரணம். அதை நம்பி 'சரியாகிவிட்டது' என்று ஓட்டியவர்கள் எஞ்சினை இழந்திருக்கின்றனர். அவசரப்பட்டு மூடியைத் திறத்தலாகாது. குக்கரில் ஆவி அடங்குமுன் மூடியைத் திறப்போமா? இங்கே கொதிநீர் முகத்திலும் மார்பிலும் பாயும். ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, தடித்த துணியால் பற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். அப்படியும் யாரேனும் சுட்டுக்கொண்டால், பற்பசையும் நெய்யும் தேடாமல் ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் புண்ணைக் காட்டிவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எஞ்சின் கொதிக்கும் நிலையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பே விரிசல் விடும் என்பதையும் மறத்தலாகாது.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாவிடில் நம் வண்டியோட்டிகள் குறைப்படுவார்கள். ரேடியேட்டரில் சிறு ஓட்டை இருந்தால் ஒரு பிடி மஞ்சள் தூளைப் போடுவது நம் நாட்டுச் சாலைகளில் நெடுநாளைய வழக்கம். தூள் ஊறி உப்பி, ஓட்டையில் சென்று அடைந்துகொள்ளும் என்பது உண்மையே. ஆனால் அதற்கு ஓட்டை எது, நுண்ணிய குழாய் எது என்று பகுத்தறியத் தெரியாது. நள்ளிரவில் காட்டுவழியில் வீடு வந்து சேர அது உதவலாம்; வந்தபின் முழுவதையும் அலசிக் கழுவாவிட்டால் அடுத்த கோடையில் அடைப்பே புதிய நோயாகும். வெடித்த ஹோஸ் பைப்பின்மேல் பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இறுகச் சுற்றுவது இதனினும் நல்ல தற்காலிக வைத்தியம் என்பது நம் கருத்து.

'இங்கே பனி உறையுமா? உறைவதைத் தடுக்கும் மருந்து எதற்கு? வெறும் தண்ணீர் போதாதா?' என்று சிலர் கேட்கின்றனர். கூலண்டிலுள்ள எதிலீன் கிளைக்கால் உறைவதைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது. அதனுடன் சேர்ந்த மருந்துகள் துருவைத் தடுக்கின்றன. போர்வெல் நீரை ஊற்றினால் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை உப்பே எஞ்சினுள்ளும் படியும். ஆயின் 'விலை உயர்ந்தது, ஆகவே கலப்பின்றியே ஊற்றுவோம்' என்பதும் பிழை. தனிக் கூலண்டைவிட நீரே வெப்பத்தை நன்கு ஏற்றுச் செல்வது. பாதிக்குப் பாதி வடிநீர் சேர்ப்பதே பொது வழக்கு. முன்னமே கலந்து விற்பதாயின் மீண்டும் நீர் சேர்க்கலாகாது. நிறத்தை மட்டும் பார்த்து இருவேறு வகைகளைக் கலத்தலும் கூடாது, சில சேர்ந்தால் கூழாகிவிடும். வண்டியோடு வந்த கையேட்டில் எவ்வகை என்று குறித்திருக்கும்.

இறுதியாக, தாய்மார்களுக்கு. எதிலீன் கிளைக்கால் இனிப்பானது. அதே சமயம் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. சர்பத்தைப் போன்ற பச்சை நிறத்தில், குளிர்பானப் புட்டியில் ஊற்றி மாடிப்படியின் அடியில் வைத்திருந்தால் குழந்தை அதை எப்படி அறியும்? கடையில் வாங்கிய டப்பாவிலேயே, எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். குழந்தை ஒரு வாய் குடித்ததாக ஐயம் தோன்றினாலும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அந்த டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மாற்று மருந்து உண்டு, காலதாமதமே எதிரி. பழைய கூலண்டை வடிக்கும்பொழுதும் அகன்ற தட்டில் பிடித்துப் பட்டறையில் ஒப்படையுங்கள். சாக்கடையோரம் ஊற்றினால் தெருநாய்கள் இனிப்பென்று நக்கிவிடும்.