சுண்ணாம்புக் குன்றுக்கு எதிரே ஒரு மேளம்

ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். செங்குத்தான பாறைச் சுவரிலிருந்து 87 மீட்டர் தள்ளி நின்று ஒரு மேளத்தை அடித்தால், அந்தச் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வர அரை வினாடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் வாசிக்கும் கலைஞருக்கு இது வரம். முதல் அடியின் எதிரொலி இரண்டாம் அடியின் மேலேயே வந்து விழும்; மலையும் சேர்ந்து வாசிக்கும். அதே கலைஞர் வேகத்தை 140க்கு ஏற்றினாரோ, எதிரொலி ஒவ்வோர் அடிக்கும் சற்றுப் பிந்தி வந்து தாளத்தைக் கலைத்துவிடும். வாசிப்பவர் மீது பிழையில்லை, மேளத்திலும் பிழையில்லை. இடத்துக்கும் வேகத்துக்கும் பொருத்தம் பார்க்காததுதான் பிழை.

திறந்தவெளி இசை நிகழ்ச்சிகளின் அறிவியல் முழுவதும் ஏறக்குறைய இந்தப் பொருத்தம் பார்ப்பதில் அடங்கியிருக்கிறது. அதைப் பேசப் பேராக்கைவிட நல்ல இடம் மலேசியாவில் இல்லை என்பது என் எண்ணம். தம்புனில் 2004ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சன்வே நிறுவனத்தின் ‘லாஸ்ட் வேர்ல்ட்’ பூங்கா, குன்றுகளுக்கு நடுவே வெந்நீர் ஊற்றுகளை வைத்துக்கொண்டு இயங்குகிறது. பக்கத்தில் எரிமலை எதுவும் கிடையாது. கருங்கல் பாறையின் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கும் மழைநீர் அங்கே சூடேறி மேலே வருகிறது. இரவில் அந்த வெந்நீர்க் குளங்களின் அருகே நெருப்பும் மேளமும் கலந்த நிகழ்ச்சியைப் பூங்கா நடத்தி வந்திருக்கிறது. பாறை, நீராவி, தீ, ஈரக்காற்று, மேளம் என ஓர் ஒலியியல் மாணவருக்குப் பாடம் நடத்த வேண்டிய எல்லாமே அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன.

முதலில் நெருப்பையே எடுத்துக்கொள்வோம். கோலின் நுனியில் தீயோடு கலைஞர் மேளத்தை அடிக்கும்போது, தீப்பொறி தெறிப்பது நம் கண்ணுக்கு உடனே எட்டிவிடும். ஒலியோ ஈப்போவின் வெப்பத்தில் வினாடிக்குச் சுமார் 348 மீட்டர்தான் போகும். எழுபது மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு அடி விழுந்து 0.2 வினாடி கழித்தே சத்தம் கேட்கும். இந்த இடைவெளியை மனிதர் எப்போது உணர்கிறார்? தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தந்த பரிந்துரையில், ஒலி ஏறத்தாழ 125 மில்லிவினாடி பிந்தும்போது பார்ப்பவருக்கு அது தெரியத் தொடங்குகிறது என்று குறித்திருக்கிறார்கள். அதை நம் காற்றில் தூரமாக மாற்றினால் 43 மீட்டர் வரும். தீமேளம் பார்க்க வருகிற கூட்டத்தை மேடையிலிருந்து நாற்பது மீட்டருக்குள் உட்காரவைப்பது நல்லது என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் இருக்கை போட்டால் மேளமும் தீயும் இருவேறு நிகழ்ச்சிகளாகிவிடும்.

கூட்டம் பெரியதாகி, பின்வரிசைக்குத் தனி ஸ்பீக்கர் வைத்தால் இன்னொரு சிக்கல் முளைக்கும். மேடை ஸ்பீக்கரின் ஒலி காற்றில் நடந்து வர நேரமாகும். பின்வரிசை ஸ்பீக்கருக்கோ மின்சாரம் வழியே நொடியில் வந்துவிடும். அதனால் பின்வரிசைக்காரருக்கு எல்லாம் இரண்டு முறை கேட்கும். அதைத் தவிர்க்கப் பின் ஸ்பீக்கரை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள். எவ்வளவு தாமதம் என்பதில்தான் அழகு இருக்கிறது. 1949இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் தன் ஆய்வேட்டில் ஒன்றைக் காட்டினார்: ஒரே ஒலி இரண்டு திசையிலிருந்து சுமார் 30 மில்லிவினாடிக்குள் அடுத்தடுத்து வந்தால், காது அவற்றை ஒன்றாகவே கேட்கும், முதலில் வந்த திசையையே ஒலியின் இடமாகக் கொள்ளும். பின்னால் வருவது ஓரளவு உரக்க இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஆகவே பின் ஸ்பீக்கரை, தேவையான தாமதத்துக்கு மேல் இன்னும் பத்துப் பதினைந்து மில்லிவினாடி பிந்தவைத்தால், பக்கத்து ஸ்பீக்கரின் உதவியோடு கேட்கும் ஒருவர் மேடையிலிருந்தே பாடல் வருவதாக நம்புவார். நாம் தினமும் கேட்கும் எத்தனையோ மேடைகளில் இது சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

வெயில் ஏறி இறங்கும்போது இந்தக் கணக்கும் ஏறி இறங்கும். பிற்பகல் 34 பாகை செல்சியஸில் ஒலி வினாடிக்கு 352 மீட்டர் போகிறது; நள்ளிரவு 24 பாகையில் 346 மீட்டர். அறுபது மீட்டருக்கு மூன்று மில்லிவினாடி வித்தியாசம். இதைக் காது பொறுத்துக்கொள்ளும். பொறுக்க முடியாதது வேறொன்று. பகலில் தரை சூடாகவும் மேலே காற்று குளிர்ச்சியாகவும் இருக்கும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து போகும். தார்ச்சாலையில் கானல் தெரியும்போது ஒளி வளைவதைப் போலத்தான் இதுவும். வானம் தெளிந்த இரவில் தரை முதலில் குளிர்வதால் நிலைமை தலைகீழாகி, ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும். பகல் ஒத்திகையில் குறைவாகக் கேட்டதென்று ஒலியைக் கூட்டிவைத்தால், இரவில் அடுத்த தாமானில் தூங்கும் குழந்தை விழித்துக்கொள்ளும். வெந்நீர்க் குளம் மட்டும் இரவிலும் பகல்போல் நடக்கும். குளத்தை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால், அதன் குறுக்கே போகும் ஒலி சற்று மேலெழும். குளம் சிறியதாக இருக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. ஆனாலும் வெந்நீருக்கு அக்கரையில் கூட்டத்தை உட்காரவைக்கும் மேடையமைப்பாளர் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஈரக்காற்று ஒலியை அமுக்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. திறந்தவெளி ஒலிக்கான ஐஎஸ்ஓ தர அட்டவணையைப் பார்த்தால், 30 பாகை வெப்பத்திலும் 70 சதவீத ஈரப்பதத்திலும் 8,000 ஹெர்ட்ஸ் ஒலியைக் காற்று நூறு மீட்டருக்கு ஏறத்தாழ 6 டெசிபல் விழுங்குகிறது. 15 பாகையும் 20 சதவீத ஈரப்பதமும் கொண்ட வறண்ட காற்றோ அதே தூரத்தில் 20 டெசிபல் விழுங்கிவிடும். ஜால்ராவின் கிணுங்கலும் பாடகரின் ‘ச’வும் வாழ்வது இந்த உயர் அலைகளில்தான். பேராக்கின் புழுக்கம் நம்மை வியர்க்கவைத்தாலும், ஜால்ராவுக்கு அது நல்ல காற்று.

மேளத்தின் தோலுக்கு மட்டும் அது கெட்ட காற்று. ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் எதுவானாலும் ஈரத்தை உறிஞ்சி நாரிழைகள் உப்பித் தொய்ந்துவிடும். இழுவிசை பாதியானால் அதிர்வெண் சுமார் 30 சதவீதம் இறங்கும். பறையின் ‘சட்’ என்ற வெட்டு ‘தொப்’ என்று ஆகிவிடும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வைக்கோலையும் காகிதத்தையும் கொளுத்திப் பறையைக் காட்டி எடுத்த பெரியவர்கள், எந்தச் சூத்திரமும் எழுதாமல் அந்த இழுவிசையை மீட்டுக்கொண்டிருந்தார்கள். விரலால் தட்டிப் பார்த்து, காது சொன்னதும் நெருப்பிலிருந்து எடுப்பார்கள். கொஞ்சம் கூடினால் தோல் வெடிக்கும், குறைந்தால் பேசாது. 1950களில் வந்த பாலியெஸ்டர் தோல் மேளங்களை இந்த வேலையிலிருந்து விடுவித்தது. இன்று நம் உருமி மேளக் குழுக்களிலும் செயற்கைத் தோல் புழங்குகிறது. மழைக்கு அஞ்ச வேண்டாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் இயற்கைத் தோலின் நாதத்துக்கு ஈடு அது இல்லை என்றே நான் கருதுகிறேன். தினமும் நிகழ்ச்சி நடத்தும் பூங்காவில் மேளத்துக்கென்று ஓர் உலர்ந்த அறை ஒதுக்குவது பெரிய செலவும் அல்ல.

தோட்டம் பற்றிய பேச்சு வந்ததால் அங்கேயே கொஞ்சம் நிற்கலாம். கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதற்குப் பிந்திய பல பத்தாண்டுகளில் சுங்கை சிப்புட் முதல் பீடோர் வரை ரப்பர்க் காடு விரிந்தது, லயங்கள் எழுந்தன, லயத்துக்கு ஒரு மாரியம்மன் கோயிலும் எழுந்தது. திருவிழா இரவுகளில் கூத்தும் நாடகமும் நடந்தன. மைக் இல்லாத காலத்தில் அந்தக் குரல்கள் எப்படி எட்டின? மனிதக் காதின் துளை ஒரு சிறு குழல். அது 3,000 ஹெர்ட்ஸ் அளவில் தானே ஒத்ததிர்வதால் அந்தப் பகுதி ஒலி நமக்கு மிகக் கூர்மையாகக் கேட்கிறது. ஒருவர் அடித்தொண்டையை விட்டு உச்சத்தில் உரக்கப் பாடும்போது குரலின் ஆற்றல் அந்தப் பகுதிக்கு நகர்கிறது. கூத்துக்காரரின் உச்சக் குரலும், இரட்டை நாக்குக் கொண்ட முகவீணையின் ஒலியும் கேட்பவர் காது எங்கே கூர்மையோ அங்கேயே போய்த் தைக்கின்றன. சிலர் அதைக் கரடுமுரடான பாட்டு என்று ஒதுக்கினார்கள். திறந்தவெளிக்கென்றே தேய்த்துத் தீட்டிய பாட்டு அது.

வரிசையாக நிற்கும் கித்தா மரங்கள் இன்னொரு வடிகட்டலைச் செய்தன. இலையும் கிளையும் சிற்றலைகளைச் சிதறடிக்கும், பேரலைகளை விட்டுவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர். அது மரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும். 4,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை, இலைக்கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும். பக்கத்துத் தோட்டத்துக்கு முதலில் எட்டியது பாட்டு இல்லை, மேளத்தின் அடிவயிற்றுச் சத்தம்தான். மக்கள் அதைக் கேட்டுத்தான் கிளம்பி வந்தார்கள்.

சுண்ணாம்புப் பாறையும் இதையே வேறு வகையில் செய்கிறது. முண்டும் முடிச்சுமான அதன் முகம் ஜால்ராவைச் சிதறடித்து, மேளத்தின் அடிநாதத்தை மட்டும் முழுசாகத் திருப்பி அனுப்புகிறது. அதனால் நவீன மேடையில் இங்கே முதலில் கட்டுப்படுத்த வேண்டியது ‘சப்’ என்று ஒலிக்காரர்கள் அழைக்கும் பெரிய அடிநாத ஸ்பீக்கர்களை. அவற்றில் ஒன்றைப் பின்னோக்கித் திருப்பி, அலையை எதிர்மாறாக்கி, சில மில்லிவினாடி தாமதித்து ஓடவிட்டால் பின்பக்கம் போகும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், முன்பக்கம் கூடும். இன்னும் எளிய வழி, மேடையைப் பாறைக்கு மிக அருகே போடுவது. ஐந்து மீட்டருக்குள் இருந்தால் திரும்பி வரும் ஒலி ஹாஸ் சொன்ன 30 மில்லிவினாடிக்குள் வந்து, குழப்பாமல் பலம் சேர்க்கும். கல் விழும் ஆபத்து இல்லாத பாறையாக அது இருக்க வேண்டும். 1973இல் குனோங் சேரோவில் பாறை சரிந்து நாற்பதுக்கும் குறையாத உயிர்கள் போன ஊர் இது. நிலவியலாளர் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஒலியியலாளர் பேச வேண்டும்.

கூட்டம் உட்காராமல் நடந்துகொண்டே இருக்கும் பூங்காவுக்கு வேறொரு தீர்வு உண்டு. அமெரிக்காவின் டிஸ்னிலேண்டில் 1972 ஜூனில் தொடங்கிய மின்விளக்கு ஊர்வலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் தனி மெட்டு; எல்லா மெட்டுகளும் ஒரே தாளத்தில், ஒன்றோடொன்று இசையும்படி கட்டப்பட்டன. ஒரு வண்டி போய் அடுத்தது வரும்போது மெட்டு மாறும், தாளம் அறுபடாது. நம் தைப்பூசத்தில் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குப் போகும் வழியில் உருமிக் குழுக்கள் ஆளுக்கொரு தாளத்தில் முட்டிமோதிக்கொள்கின்றன. பக்திக்கு அது தடையில்லை. ஆனால் அந்தக் குழுக்களை ஒரு பூங்காவுக்குள் அழைத்து, ஒரே தாள இழையில் கோத்து, குன்றின் எதிரொலியையும் கணக்கில் எடுத்து ஒரு நிகழ்ச்சி கட்டினால், அதற்கு ஈடு உலகத்தில் எந்தப் பூங்காவிலும் இருக்காது. மேரு ராயாவில் 2017இல் திறந்த மேப்ஸ் எனும் அசைவோவியப் பூங்கா ஐந்நூறு மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் விழுங்கிவிட்டு 2020 ஜனவரியில் மூடப்பட்டது. மூடலுக்குப் பணக்காரணங்கள் இருந்தன. ஆனாலும் பேராக்கில் மட்டுமே கேட்கக் கிடைக்கும் ஒன்றைத் தரும் பூங்காவுக்கு மக்கள் திரும்பத் திரும்ப வருவார்கள் என்ற நம்பிக்கையை நான் விடுவதாக இல்லை.

அப்படி ஒன்று அமையும்போது வாசிக்கிற பையன்களின் காதை முதல் செலவாக எழுத வேண்டும். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு பணியிட இரைச்சல் விதிகள், எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. மூன்று டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகும், பாதுகாப்பான நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது பதினைந்தே நிமிடம். உருமியும் தவிலும் காதருகே அதை எளிதில் தொட்டுவிடும். ஒரு நாளைக்கு நான்கு காட்சி வாசிக்கும் பதினெட்டு வயதுப் பையனின் உட்செவியில் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது. இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்படும் காதடைப்புகள் எல்லா அலைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபல் வரை குறைக்கின்றன. உருமியின் முனகல் அப்படியே கேட்கும். 100 டெசிபல் 85 ஆகும். பதினைந்து நிமிடம் எட்டு மணி நேரமாகும்.