விளையாடவும் வேண்டும், நீடித்து உழைக்கவும் வேண்டும்!
குறைந்த பணத்தில் கம்ப்யூட்டர் வாங்கும் குடும்பங்களுக்குச் சில யோசனைகள்

பைக்காரா என்றதும் நீர்வீழ்ச்சி நினைவுக்கு வரும். படகுச் சவாரி நினைவுக்கு வரும். ஆனால், தமிழ்நாட்டுக்குப் பைக்காரா கொடுத்த பெரிய செல்வம் மின்சாரம்!

1932-ம் ஆண்டு, இந்த மலை ஆற்றின் தண்ணீரைக் குழாய் வழியாகச் சிங்காராவுக்கு இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரம் கோவையின் பஞ்சாலைகளை ஓட்டியது.

இன்று மின்சாரத்துக்குப் புதிய வேலைகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்று கம்ப்யூட்டர் விளையாட்டு!

பட்டணத்துப் பையன் மட்டும்தான் விளையாடுவான் என்பது இல்லை. தேயிலைத் தோட்டத்துப் பையனும் கேட்கிறான். "அப்பா, விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பாடமும் படிப்பேன்" என்கிறான்.

அப்பா யோசிக்கிறார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். ஒரு முறைதான் வாங்க முடியும். வாங்கியது இரண்டு வருஷத்தில் கெட்டுப் போனால் என்ன செய்வது?

பயப்பட வேண்டாம். பாகங்களைத் தெரிந்து வாங்கினால், பல வருஷம் உழைக்கும்.

தனித்தனியாக வாங்கலாம்

கம்ப்யூட்டரைக் கடையில் முழுதாகவும் வாங்கலாம். பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டியும் கொள்ளலாம்.

தனியாக வாங்கினால் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி உத்தரவாதம் கிடைக்கும். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

சென்னை ரிச்சி தெருவில் இந்தப் பாகங்கள் எல்லாம் கிடைக்கும். மலையில் இருப்பவர்களுக்குக் கோவை பக்கம். எங்கே வாங்கினாலும் ரசீது வாங்க மறக்கக் கூடாது. ரசீது இல்லாவிட்டால் உத்தரவாதம் வெறும் பேச்சுத்தான்!

மூளையும் ஓவியனும்

பிராசஸர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. கிராபிக்ஸ் கார்டு என்பது ஓவியன். விளையாட்டில் ஓடும் குதிரை, பறக்கும் கார், பெய்யும் மழை எல்லாவற்றையும் ஒரு விநாடிக்குப் பல பத்து முறை வரைந்து காட்டுவது அதுதான்.

ஆகவே, விளையாட்டுக் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் அதிகப் பணம் ஒதுக்க வேண்டும். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாக ஒதுக்கலாம்.

கார்டுக்கென்று சொந்த நினைவகம் இருக்கிறது. அது 8 ஜி.பி.க்குக் குறையாமல் இருப்பது நல்லது. 4 ஜி.பி. கார்டு இன்று மலிவாகத் தோன்றும். புதிய விளையாட்டுகள் வந்ததும் திணறும்.

மூளைக்கு ஆறு கோர் உள்ள பிராசஸர் போதும். உதாரணம், 2022-ல் வந்த ரைசன் 5 5600. அதில் ஆறு கோர். 65 வாட் வகையைச் சேர்ந்தது. ஆகவே, அதிகம் சூடாகாது.

நீடிக்கும் பலகை

பாகங்கள் எல்லாம் பொருந்தும் பலகைக்கு மதர்போர்டு என்று பெயர். நீண்ட நாள் உழைக்க விரும்புவோர் இதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஓர் உண்மைக் கதை உண்டு. 2017-ல் ஏ.எம்.டி. கம்பெனி ரைசன் பிராசஸர்களை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அவை பொருந்தும் சாக்கெட்டின் பெயர் ஏ.எம்.4. ஐந்து வருஷம் கழித்து, 2022-ல், ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற வேகமான பிராசஸர் வந்தது. 2017-ல் வாங்கிய பலகைகள் பலவற்றில் அதுவும் பொருந்தியது! பயாஸ் என்ற உள் நிரலைப் புதுப்பித்தால் போதும். பலகையும் ராமும் அப்படியே இருக்க, மூளை மட்டும் புதிதாகி விட்டது.

அதே 2022-ல் ஏ.எம்.5 என்ற புதிய சாக்கெட் வந்தது. 2027 வரையாவது அதற்குப் புதிய பிராசஸர்கள் வரும் என்று கம்பெனி அறிவித்திருக்கிறது. பணம் மிகக் குறைவு என்றால் ஏ.எம்.4 பார்க்கலாம். கொஞ்சம் கூடப் போட முடியுமானால் ஏ.எம்.5 நல்லது. பிற்காலத்தில் மூளையை மட்டும் மாற்றிக் கொள்ளலாம்.

ராம் 16 ஜி.பி. வேண்டும். ஒரே குச்சியாக வாங்காமல், 8 ஜி.பி. குச்சிகள் இரண்டாக வாங்கினால் வேகம் கூடும். சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. அவசியம். ஒரே விளையாட்டு 100 ஜி.பி.க்கு மேல் இடம் பிடிக்கும் காலம் இது. 1 டி.பி. இருந்தால் கவலை இல்லை.

உயிர் நாடி எது?

பலர் ஏமாறுவது இங்கேதான்!

கலர் கலராக விளக்கு எரியும் பெட்டி. கண்ணைப் பறிக்கும். அதோடு பவர் சப்ளை இலவசம் என்பார் கடைக்காரர். வாங்கி விடுவார்கள். ஆறு மாதத்தில் "டப்" என்று ஒரு சத்தம். பவர் சப்ளை போய்விடும். போகும்போது மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் கூட்டிக் கொண்டு போனாலும் போகும்!

பைக்காராவில் தண்ணீர் குழாய்க்குள் அடங்கி வந்ததால்தான் சக்கரம் ஒழுங்காகச் சுழன்றது. கம்ப்யூட்டரிலும் அப்படியே. வீட்டுக்கு வருவது 230 வோல்ட். பாகங்களுக்கு வேண்டியதோ 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட்தான். அதை அடக்கிக் கொடுப்பது பவர் சப்ளை.

"80 பிளஸ்" முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2004-ல் தொடங்கிய திட்டம் இது. வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதம் பயனாகிறது என்பதற்கு அது அடையாளம். உத்தரவாதம் ஐந்து வருஷம் இருந்தால் நல்லது.

எத்தனை வாட் வேண்டும்? கிராபிக்ஸ் கார்டு 170 வாட், பிராசஸர் 65 வாட், மற்றவை சேர்த்து ஏறக்குறைய 300 வாட். ஆகவே, 550 வாட் பவர் சப்ளை தாராளம்.

கரண்ட் பில்லும் கணக்கில் வர வேண்டும். 300 வாட்டில் தினம் மூன்று மணி நேரம் விளையாடினால், இரண்டு மாதத்தில் 54 யூனிட் ஆகும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதில் ஒரு பங்கை விளையாட்டே தின்றுவிடும்!

மலைவாசிகள் கவனத்துக்கு

மலையில் குளிர் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குக் குளிர் நல்லதுதான். ஆனால், ஈரம் நல்லதல்ல.

சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஜன்னல் ஓரமும் வேண்டாம். தரையில் வைக்காமல் மேஜை மேல் வையுங்கள். மழைக் காலத்தில் நாள்தோறும் சிறிது நேரமாவது ஓட விடுங்கள். உள்ளே எழும் சூடு ஈரத்தை விரட்டும். குளிரில் எடுத்து வந்த பாகத்தைச் சூடான அறைக்குள் கொண்டு வந்ததும் ஸ்விட்சைப் போடாதீர்கள். அதன் மேல் நீர் முத்து கோத்திருக்கும். சில மணி நேரம் பொறுங்கள்.

இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். இன்டர்நெட் வயரையும் கழற்றுங்கள். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பது முதல் வேலை. அடிக்கடி மின்சாரம் போகும் இடத்தில் யு.பி.எஸ். வேண்டும்.

பழைய சரக்கு: ஜாக்கிரதை!

பழைய கிராபிக்ஸ் கார்டு பாதி விலைக்குக் கிடைக்கும். 2022 செப்டம்பரில் ஈதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கார்டு மூலம் தோண்டும் முறை நின்றது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. எல்லாம் கெட்டவை அல்ல. ஆனால், ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பழைய பிராசஸரிலும் கவனம் வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ மிகப் பழைய பிராசஸர்களை ஏற்பதில்லை. மலிவு என்று வாங்கி, பிறகு விழிக்க வேண்டாம்.

எதில் சிக்கனம்?

விளக்கில் சிக்கனம் செய்யலாம். கண்ணாடிப் பெட்டியில் சிக்கனம் செய்யலாம். கீபோர்டு, மவுஸ் சாதாரணமாக இருக்கலாம். காற்றோட்டமுள்ள எளிய பெட்டி போதும்.

பவர் சப்ளையில் சிக்கனம் கூடாது. மதர்போர்டில் கூடாது.

வீடு கட்டுகிறவர் அஸ்திவாரத்தில் மிச்சம் பிடித்து வாசலுக்கு வர்ணம் அடிப்பாரா? கம்ப்யூட்டரும் அப்படித்தான். அஸ்திவாரம் பலமாக இருந்தால், இன்று அண்ணன் விளையாடும் கம்ப்யூட்டரில் நாளை தங்கை படிப்பாள்!