தொழிலும் கனவும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ளது மண்டூர். பெரும்போக நெற்கதிர் முற்றும் காலத்தில் அவ்வட்டாரத்து உழவர் வீட்டில் உறங்குதல் அரிது. வயலோரத்துக் காவற்பரணில், யானைவெடியும் கைவிளக்குமாய்க் கண்விழித்திருப்பர். நெல் வீடு வந்து சேர்ந்த பின்னரும் அவர்தம் உறக்கத்தில் யானை புகுமாயின், அதனை வீண் அச்சம் என்று நகைத்துவிடல் தகாது.

தொழில் கனவிலும் மனிதனைத் தொடரும் என்பதைப் பண்டையோரும் அறிந்திருந்தனர். கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமப் புலவர் லுக்ரீஷியஸ், வழக்கறிஞர் கனவிலும் வழக்காடுவர், படைத்தலைவர் போரிடுவர், மாலுமிகள் காற்றோடு மல்லாடுவர் என்று கூறினார். தம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை. தாம் உறக்கத்திலும் இயற்கையை ஆராய்ந்து நூல் எழுதுவதாகக் குறிப்பிட்டார். துயிலும் வேட்டைநாயின் கால்கள் துடிப்பதையும் அவர் கவனித்திருந்தார்.

இதற்கு இக்காலத்து ஆய்வும் சான்று தருகின்றது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவர்தம் துணைவரும் சிலரை டெட்ரிஸ் என்னும் கணினி விளையாட்டில் மூன்று நாள் ஈடுபடுத்தினர். கண் அயரும் வேளையில் பலருக்கு அவ்விளையாட்டின் கட்டைகள் விழுவது தோன்றிற்று. வியப்பு யாதெனில், மூளைச் சேதத்தால் நினைவாற்றல் இழந்த ஐவரில் மூவருக்கும் அவ்வாறே தோன்றிற்று; விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை!

அங்ஙனமாயின் நெடுநேரம் செய்யும் வேலையே கனவில் வரும் எனலாமோ? அதுவும் பொருந்தாது. எர்னஸ்ட் ஹார்ட்மன் என்னும் மருத்துவர் அதே 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, நாள்தோறும் பல மணிநேரம் படித்தும் எழுதியும் கணக்கிட்டும் வருவோர் அவற்றைக் கனவில் காண்பது மிக அரிது. பள்ளி ஆசிரியர் குறிப்பேடு திருத்துவதைக் கனவு காண்பதினும், பரீட்சை மண்டபத்திற்குப் பிந்திச் செல்வதைக் காண்பதே எளிதில் நிகழக்கூடியது. மனத்தை உலுக்கும் பகுதியையே கனவு பற்றிக்கொள்கிறது போலும்.

மண்டூர் உழவருக்கும் இஃது ஒக்கும். உழவு, விதைப்பு, களையெடுப்பு என மாதங்கள் கழிகின்றன. யானையை எதிர்நோக்குவதோ சில வாரங்களே. ஆயினும் அவ்விரவுகளில் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் பட்ட கடன் முழுவதும் பரண்மேல் அவரோடு அமர்ந்திருக்கின்றது. உயிரச்சமும் உண்டு. கனவு கண்டு விழித்தவர் விடியுமுன் எழுந்து வரம்பில் சுவடு பார்த்துவரப் புறப்படுவாராயின், அவரை எங்ஙனம் குறை கூறுவது?